குமரியைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்தால் மழையும் கூட வருமா?

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குலசேகரத்தில் வீடு. ஆனி மாதச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், உலக வரைபடத்தைத் திண்ணையில் விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, நம்ம ஜில்லாவ அப்படியே பேத்து எடுத்து சகாரா நடுவில கொண்டு வச்சா, அங்கயும் இப்படி மழ பெய்யுமா? ரப்பரும் தென்னையும் நிக்குமா?”

“உனக்கு என்ன தோணுது?”

“பெய்யும். மலதானே மழய கொண்டு வருது. மலயும் கூடப் போவுதுல்லா?”

பாதி சரியான பதில். அந்தப் பாதி எங்கே நிற்கிறது என்று சொல்லி முடிக்க எனக்கு அன்று சாயங்காலம் வரை ஆனது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். நிலம் இடம் மாறினால் அதன் தட்பவெப்பமும் மரஞ்செடிகளும் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். இதைக் கற்றுக்கொள்ள நம் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு பஸ் பயணம்

சகாராவுக்குப் போகும் முன் ஆரல்வாய்மொழிக்குப் போவோம். குலசேகரத்தில் பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் ரப்பர். நடுநடுவே அயனி, சக்கை (பலா), அவற்றின்மேல் படர்ந்த நல்லமிளகுக் கொடி, சரிவுகளில் மரச்சீனி (மரவள்ளி). மலைமேல் மாறாமலைப் பக்கம் போனால் கிராம்பு. நாகர்கோவிலைச் சுற்றி வயலும் தென்னையும். தோவாளையைத் தாண்டியதும் ஜன்னலில் காற்று அறையும். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே பனை, உடைமரம், கள்ளி. மேற்கே பேச்சிப்பாறையில் குடை பிடித்து நிற்கிற நாளில் இங்கே புழுதி பறக்கும். எல்லாம் ஐம்பது கிலோமீட்டருக்குள். சூரியன் இரண்டு இடத்துக்கும் ஒரேபோலத்தான் காய்கிறது. பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஜூனில் அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மலை குறுக்கே நிற்பதால் அது மேலே ஏற வேண்டியிருக்கிறது. மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, கொட்டிவிடுகிறது. மலையின் மறுபக்கம் இறங்கும்போது அது ஏற்கெனவே ஈரம் இழந்த காற்று, இறங்க இறங்க வெப்பமும் ஏறிவிடுகிறது. மழை எப்படிப் பெய்யும்? மலை தாழ்ந்து வழிவிடும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்தக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. காற்றாலைகளை அங்கே நட்டதற்குக் காரணமும் அதுதான்.

இதை அவளுக்குத் துணி பிழிவதை வைத்துச் சொன்னேன். மலை என்பது பிழிகிற கை. ஆனால் துணியை நனைப்பது கடல், நனைந்த துணியைக் கொண்டுவந்து கையில் கொடுப்பது காற்று. காய்ந்த துணியை எவ்வளவு பலமாகப் பிழிந்தாலும் சொட்டு வராது.

இப்போது ஊரைப் பெயர்க்கலாம். வீடு மாறும்போது கட்டிலும் பீரோவும் நம்மோடு வரும், கிணற்றுத் தண்ணீர் வராது. அதுபோல நிலத்தோடு கூடப் போவது பாறை, மலையின் உயரம், சரிவுகள் பார்த்திருக்கும் திசை, கொஞ்ச காலத்துக்கு மண். உயரம் போவதால் உயரத்தின் குளிர்ச்சியும் போகும். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கு எங்கே வைத்தாலும் அநேகமாக மாறாது. கூட வராதவை நான்கு: சூரியன் விழும் சாய்வு, வீசும் காற்று, கரையைத் தொடும் கடல், பிறகு அக்கம்பக்கத்து நிலங்கள். மழையை முடிவு செய்வதில் பெரும்பங்கு இந்த நான்குக்குத்தான்.

ஒரே வெயில், மூன்று கரைகள்

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் உச்சிவெயிலில் நம் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்வது இதனால்தான். வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். வெயில் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால் இந்த 8 டிகிரிக் கோட்டில் இருக்கும் ஊர்களெல்லாம் நம் ஊர் மாதிரியே இருக்க வேண்டும். வரைபடத்தில் விரலை வைத்து மேற்கே நகர்த்திப் பார்ப்போம்.

மினிக்காய் தீவின் தெற்கே, கப்பல்காரர்கள் எட்டு டிகிரிக் கால்வாய் என்று சொல்லும் கடல்வழியைத் தாண்டி நேராகப் போனால் அரபிக்கடலின் அக்கரையில் சோமாலியா. கோடு கரையைத் தொடும் இடத்தருகே எய்ல் என்ற ஊர் இருக்கிறது. வறண்ட பூமி. முட்செடிகள், ஆடுகள், ஒட்டகங்கள். அதற்கும் வடக்கே உள்ள மலைகளில், பிசினுக்காகக் கீறப்படும் குந்திரிக்க மரங்கள் பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

இதில் எனக்கு இன்றும் வியப்பு தீராத ஒன்று உண்டு. குலசேகரத்தில் மழையைக் கொட்டும் அதே தென்மேற்குக் காற்றுதான் சில நாள் முன்னால் அந்தச் சோமாலியக் கரையை உரசிக்கொண்டு வருகிறது. அங்கே அது கரைக்குள் நுழைவதில்லை, கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடுகிறது. ஓடும் வேகத்தில் கடலின் மேல்தண்ணீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளுகிறது. காலியான இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் அந்தக் கடல் சில இடங்களில் 20 டிகிரிக்கும் கீழே போய்விடும். குளிர்ந்த கடலுக்கு மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, மேலே எழாமல் கிடக்கும். எழாத காற்றில் மழைமேகம் கட்டாது. பிறகு அந்தக் காற்று வெதுவெதுப்பான அரபிக்கடலைக் கடந்து வரும் வழியெல்லாம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நம்மிடம் வருகிறது. அக்கரையில் நம் மாவட்டத்தை வைத்தால் கையும் இருக்கும், காற்றும் இருக்கும், துணி மட்டும் நனைந்திருக்காது.

அடிநீர் மேலே வருவது நம் கரையிலும் தென்மேற்குப் பருவத்தில் கொஞ்சம் நடக்கிறது. அந்த நீரில் மீனுக்கு உணவு நிறைய. சாளை பெருகுவதற்கு அது ஒரு காரணம். குளச்சல்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் மேற்கே, ஆப்பிரிக்காவின் மறுகரைக்குப் போவோம். எட்டரை டிகிரியில் சியரா லியோனின் ஃப்ரீடவுன். முன்னால் வெதுவெதுப்பான அட்லாண்டிக், பின்னால் மலை, கோடையில் தென்மேற்குக் காற்று. மழை நம் மேற்கு மலையோரம் பெய்வதற்குக் குறையாது. சோறு சாப்பிடுகிறார்கள், மரச்சீனி நடுகிறார்கள், அதன் இலையையும் கறிவைக்கிறார்கள். குமரியைக் கொண்டுபோய் வைத்தால் அதிகம் சிரமப்படாத இடம் இது. ஆனாலும் ஒரு குறை உண்டு. அங்கே மழை வருஷத்துக்கு ஒரே தவணை. டிசம்பரானால் சகாராவிலிருந்து புழுதியோடு வறண்ட காற்று இறங்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து இரண்டாவது மழை வருகிறது. இரண்டு கடலுக்கும் நடுவே மூலையில் உட்கார்ந்திருப்பதன் லாபம் அது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைந்ததும் இந்த இரண்டு மழையால்தான். ஃப்ரீடவுன் பக்கத்தில் கன்னிப்பூ தேறிவிடும். கும்பப்பூவை மழையை நம்பி நட முடியாது.

மூன்றாவது கரை பெருவில். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 8 டிகிரியில் ட்ருஹியோ என்ற நகரம். கோட்டுக்கு இந்தப் பக்கம் நாம் எவ்வளவு தூரமோ அந்தப் பக்கம் அவர்கள் அவ்வளவு தூரம். அது பாலைவனக் கரை. தென் துருவப் பக்கத்திலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரை அந்தக் கரையோரமாக ஏற்றிக்கொண்டே வருகிறது. கிழக்கே பிரமாண்டமான ஆண்டிஸ் மலை இருந்தும் மழை கிடையாது. அதே மலையின் மறுபக்கம் அமேசான் காடு, நம் ரப்பரின் தாய்வீடு.

ட்ருஹியோவுக்குப் பக்கத்தில் சான் சான் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. சிமூ அரசர்களின் தலைநகரம். சுடாத மண்கல்லால் கட்டியது. இன்கா அரசிடம் வீழ்ந்து ஐந்து நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அதன் மண்சுவர்கள் நிற்கின்றன. எல் நினோ வருஷங்களில் கடல் சூடாகி, கனமழை பெய்யும்போதுதான் அவற்றுக்கு ஆபத்து. நம் திருவட்டாறு பக்கம் கூரை இல்லாமல் ஒரு மண்சுவரை விட்டுப்பாருங்கள், எத்தனை ஆனி தாங்கும்? அந்தக் கரையில் இயல்பாக வளரும் மரம் ஒன்று நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். சீமைக்கருவேலம் ராமநாதபுரத்தில் ஏன் அப்படிச் செழிக்கிறது என்பதற்கு அதன் உறவுக்காரர்கள் வாழும் ஊரைப் பார்த்தால் போதும்.

ஆக, ஒரே வெயில், மூன்று விதமான கரைகள். நிலத்துக்கென்று சொந்தமாக ஒரு தட்பவெப்பம் கிடையாது. அது எங்கே இருக்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் அதற்கு மழையும் வெயிலும் தருகிறது.

மலை திரும்பினால்

மடகாஸ்கர் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 12 டிகிரியிலிருந்து 25 டிகிரி வரை கிடக்கிறது. நம்மைப்போலவே நடுவே நெடுக மலை. ஆனால் அங்கே வருஷம் முழுக்க அதிகமாக வீசுவது தென்கிழக்குக் காற்று. அதனால் கிழக்குச் சரிவில் மழைக்காடு, மேற்கே வறண்ட காடு, தென்மேற்கு மூலையில் முள்மரக் காடு. தண்டில் தண்ணீர் சேர்த்துவைக்கும் பெருக்கமரங்கள், ஆள் உயரத்துக்கு மேலே முள்தூணாக நிற்கும் செடிகள். மே மாதம் நம் பள்ளிக்கூட வாசல்களில் சிவந்து பூக்கும் குல்மொகர் அந்தத் தீவின் வறண்ட காட்டிலிருந்து வந்ததுதான்.

நம் மாவட்டத்தைத் திசை மாற்றாமல் அங்கே இறக்கினால் என்ன ஆகும்? மழை கிழக்கே போய்விடும். ஆரல்வாய்மொழி நனையும், விளவங்கோடு காயும். முப்பந்தலில் நல்லமிளகு படரும், மார்த்தாண்டத்தில் கள்ளி முளைக்கும். பருவமும் தலைகீழ், நமக்குக் கொதிக்கும் ஏப்ரல், மேயில் அங்கே குளிர் தொடங்கும். இதைக் கேட்டதும் அக்கா மகள் வரைபடத்தின்மேல் கையை வைத்து, மலையைத் திருப்பிப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைத் திருப்பினாள். அந்த ஒரு அசைவில், மலையின் மறுபக்கம் மழை கிடைக்காமல் போகும் மழைமறைவு என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

சகாராவின் நடுவே மலை இல்லையா?

இப்போது அவள் கேட்ட கேள்வி. சகாராவின் நடுவே மலைகள் உண்டு. சாட் நாட்டின் திபெஸ்டி மலையின் உச்சி 3,400 மீட்டருக்கு மேல். நம் மகேந்திரகிரி அதில் பாதிதான். அல்ஜீரியாவின் ஹோகார் மலையும் நம்முடையதைவிட உயரம். ஆனாலும் அங்கே ரப்பர் தோட்டமோ மழைக்காடோ இல்லை. மலை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

காரணம் மேலே இருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடான காற்று எழும்பி, மழையைக் கொட்டிவிட்டு, உயரத்தில் வடக்கும் தெற்குமாகப் பரவுகிறது. பரவிய காற்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய 30 டிகிரியில் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று சூடேறி வறளும் என்று ஆரல்வாய்மொழியில் பார்த்தோம் அல்லவா, அதே சங்கதிதான், உலக அளவில். சகாரா, அரேபியா, தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி எல்லாம் இந்த இறங்கும் காற்றுக்கு அடியிலோ அதன் ஓரத்திலோ கிடக்கின்றன. குமரியை அங்கே வைத்தால் மலை உச்சியில் எப்போதாவது ஒரு மழை, பாறை இடுக்குகளில் கொஞ்சம் பச்சை, அவ்வளவுதான். பேச்சிப்பாறை அணை நிரம்பாது.

ஆனால் சகாராவும் எப்போதும் இப்படி இல்லை. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தஸ்ஸிலிப் பாறைகளில் மாடுகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா அப்போது வேறெங்கும் போய்விடவில்லை. பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையசைப்பதால், அந்தக் காலத்தில் வட அரைக்கோளத்தின் கோடை சூரியனுக்கு இன்னும் கிட்டத்தில் வந்தது. வெயில் கூடியது, பருவக்காற்று பலத்து உள்ளே நுழைந்தது. தஸ்ஸிலியில் சைப்ரஸ் மரங்கள் இன்றும் சில நூறு மிஞ்சி நிற்கின்றன, சிலவற்றுக்கு வயது 2,000 ஆண்டுக்கு மேல். காலம் மாறிய பிறகும் ஊரைவிட்டுப் போகாத பெரியவர்கள் மாதிரி. மழை பொய்த்தால் முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்று நம் முன்னோர் கண்டது இதைத்தான். நிலம் அங்கேயே கிடக்க, திணை மாறிவிடும்.

வடக்கே வெகுதூரம் போவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நார்வேயின் பெர்கன் நகரம் 60 டிகிரியில் இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கடலிலிருந்து காற்று, பின்னால் மலை, எல்லாம் சரிதான். வெதுவெதுப்பான நீரோட்டம் வேறு கரையைத் தழுவிப் போகிறது. இருந்தும் தென்னை பிழைக்காது. தென்னைக்கு உயிர் ஒரே ஒரு குருத்தில், அது உறைபனியில் கருகினால் மரம் முடிந்தது. செவ்வந்திக்கு வேறு சிக்கல். இரவு நீண்டால்தான் அது மொட்டுவைக்கும். பெர்கனில் கோடைப் பகல் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால், அது பூக்க நினைக்கும்போது குளிர் வந்துவிடும். தோவாளைப் பூச்சந்தையை அங்கே வைத்து நடத்த முடியாது. மழையின் அளவு ஒத்துப்போனாலும் குளிரும் பகலின் நீளமும் ஒத்துப்போக வேண்டும்.

மரங்களுக்கு என்ன ஆகும்

இது எவ்வளவு வேகமாகப் பெயர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே ராத்திரியில் நம் மாவட்டத்தைச் சோமாலியக் கரையில் இறக்கியதாக வைத்துக்கொள்வோம். முதலில் கிராம்பு போகும், அப்புறம் ரப்பர். நல்லமிளகுக் கொடி காய்ந்து மரத்திலேயே தொங்கும். மரச்சீனி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பனை கடைசிவரை நிற்கும். மலைக்காடு ஓடைகளின் இடுக்குகளுக்குள் சுருங்கும். முப்பந்தல் பக்கத்து உடையும் கள்ளியும் மேற்கே மெல்ல ஏறி, ஒரு நூற்றாண்டில் குலசேகரத்துக்கு வந்துவிடும்.

அதே தூரத்தை ஒரு கோடி ஆண்டில் நகர்த்தினால் கதை வேறு. மரம் நடக்காது, ஆனால் விதை நடக்கும். தலைமுறைக்குத் தலைமுறை வறட்சியைத் தாங்குபவை மட்டும் மிஞ்சும். மிஞ்சியவற்றின் இலை சிறுக்கும், தண்டு பருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம் நம் வேலியிலேயே இருக்கிறது. ரப்பரும் மரச்சீனியும் ஆமணக்கும் சதுரக்கள்ளியும் தாவரவியலில் ஒரே குடும்பம். மழைக்காட்டில் வளர்ந்த பங்காளி உயர்ந்த ரப்பர் மரமானது. வறண்ட காட்டில் மாட்டிக்கொண்ட பங்காளி இலையைக் குறைத்துக்கொண்டு, தண்டையே பச்சையாக்கிக்கொண்டு கள்ளியானது. வெட்டினால் இரண்டிலும் பால்தான். சதுரக்கள்ளிக்குப் பக்கத்தில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியைக் கீறிப்பாருங்கள், பால் வராது, கொழகொழவென்று நீர்தான் வரும். அது அமெரிக்காவிலிருந்து வந்த வேறு குடும்பம். அங்கேயும் வறட்சி, இங்கேயும் வறட்சி. சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே உடையைத் தைத்துப் போட்டுக்கொண்டன, நாமும் இரண்டையும் கள்ளி என்றே கூப்பிடுகிறோம். (கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. சோதித்துப் பார்க்கும் பிள்ளைகள் பெரியவர்களோடு போங்கள்.)

இது கற்பனை மட்டுமல்ல

நிலத்தைப் பெயர்ப்பது வெறும் விளையாட்டுக் கேள்வி என்று அக்கா மகள் நினைத்திருந்தாள். நம் கால்களுக்குக் கீழே இருக்கும் இந்தியா உண்மையிலேயே அப்படிப் பெயர்ந்து வந்த நிலம்.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன. அந்தப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவின் கோண்டு மக்களின் பகுதியிலிருந்து எடுத்த பெயர். ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்தை நெருங்கிக் கிடந்து, பனிப்பாறைகள் அதன்மேல் ஊர்ந்தன. அவை இழுத்துப்போட்ட கற்கள் ஒடிசாவின் தால்ச்சேர் பகுதியில் இன்றும் அடுக்காகக் கிடைக்கின்றன. இன்று வெயிலில் வேகும் இடம் அது. பனி விலகியபின் குளோசோப்டெரிஸ் என்ற நாக்கு வடிவ இலை கொண்ட மரங்கள் அந்த நிலமெங்கும் பரவின. ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரியில் பெரும்பங்கு அந்தக் காலத்துக் காடுகள்.

1912-ல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் பனியில் இறந்துபோன பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழு, கடைசிவரை சுமார் 16 கிலோ பாறைகளை இழுத்துக்கொண்டு போயிருந்தது. உடல்களோடு கிடைத்த அந்தப் பாறைகளில் இதே குளோசோப்டெரிஸ் இலை பதிந்திருந்தது. அதே ஆண்டில்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று முதலில் எடுத்துச் சொன்னார். பல பத்தாண்டுகள் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை.

நம் ஊரின் பங்கும் இதில் உண்டு. குமரியின் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் ஒன்றோடொன்று நெரிந்தபோது, ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அப்போது பக்கத்தில் இருந்தது மடகாஸ்கர். அந்தப் பாறைகள் தேய்ந்து ஆறுகளில் வந்து கடலோரம் ஒதுங்கியதுதான் மணவாளக்குறிச்சியின் கருமணல்; இல்மனைட்டும் மோனசைட்டும் சிர்கானும் கார்னெட்டும் கலந்தது. மடகாஸ்கரின் தென்கிழக்குக் கரையிலும் இதேபோன்ற கனிம மணல் இருக்கிறது. இடையில் கடல் வந்துவிட்டது, மண்ணின் சாடை போகவில்லை.

சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, தனித்தீவாக வடக்கே ஓடியது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். கண்டங்களுக்கு அது ஓட்டம்தான். தக்காணத்தின் எரிமலைக் குழம்பு கொட்டிய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புகூட இந்தியாவின் தென்முனை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 30 டிகிரிக்கும் அப்பால் கிடந்தது. (அன்றைய உலகம் இன்றையதைவிட வெப்பமாக இருந்தது. அதனால் இன்று 30 டிகிரியில் இருக்கும் ஊரைப் பார்த்து அன்றைய குமரியை அப்படியே ஊகிக்கக் கூடாது. இடத்தோடு காலத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.) வடக்கே வர வர நிலம் வெயிலுக்கும் மழைக்கும் அடியில் நுழைந்தது. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் 5 கோடி ஆண்டு பழைய அம்பர் கிடைத்திருக்கிறது. மரப்பிசின் இறுகிக் கல்லானது அது, உள்ளே பூச்சிகளும் அடக்கம். அந்தப் பிசின் இரட்டைச் சிறகு விதை கொண்ட மழைக்காட்டு மரக் குடும்பத்தினுடையது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் பயின் என்று சொல்லும் மரம் அந்தக் குடும்பம்தான். இந்தியா ஆசியாவில் முட்டியதும் இந்தக் குடும்பம் கிழக்கே இறங்கி, இன்று போர்னியோ, சுமத்ரா காடுகளை ஆள்கிறது. நிலம் ஒரு தோணி மாதிரி மரங்களை ஏற்றிவந்து அக்கரையில் இறக்கிவிட்டது.

தோணியில் வந்தவர்களில் ஒருவர் இன்னும் நம் மலையில் இருக்கிறார். 2003-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளை, வருஷத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிப்பது. அதன் நெருங்கிய உறவினர்கள் வாழ்வது கடலுக்கு நடுவே செஷல்ஸ் தீவுகளில். இத்தகைய உறவுகளைப் பார்த்துத்தான், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று 1864-ல் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் லெமூரியா என்ற பெயரைச் சொன்னார். குமரிக்கண்டம் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: கடல் நிலத்தைத் தின்றது உண்மை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, நம் கரையோர ஆழமற்ற பகுதிகள் தரையாக இருந்தன. ஆனால் மடகாஸ்கர் வரை நீண்ட ஒரு கண்டம் மூழ்கவில்லை. நடுவில் இருந்த நிலம் கீழே போகவில்லை, வடக்கே வந்துவிட்டது. வந்த நிலத்தின் மேல்தான் நிற்கிறோம்.

முட்டிய இடத்தில் இமயம் எழுந்தது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்றை அது தடுத்தது. தீவாக இருந்த நிலத்துக்குப் பின்னால் இப்போது ஒரு பெரிய கண்டம். கோடையில் அது சூடாவதால் கடல்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. குலசேகரத்தில் பெய்யும் சாரலுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நிற்கும் இமயமும் ஆசியாவின் சூடான தரையும் ஒருவகையில் பொறுப்பு. அக்கம்பக்கம் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான்.

அக்கம்பக்கம் விலகினாலும் வினைதான். அண்டார்டிகாவைப் பாருங்கள். 9 கோடி ஆண்டுகளுக்கு முன், உலகமே வெப்பமாக இருந்த காலத்தில், தென் துருவத்துக்கு மிக அருகே காடு இருந்தது. அதன் வேர்கள் பதிந்த மண்ணைக் கடலடியில் துளையிட்டு எடுத்ததை 2020-ல் வெளியிட்டார்கள். அதன்பின் அண்டார்டிகா பெரிதாக இடம் மாறவில்லை. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் அதைவிட்டு விலகின. விலகிய இடைவெளியில் கடல் புகுந்து, அண்டார்டிகாவைச் சுற்றிக் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று வட்டமடிக்கத் தொடங்கியது. காற்றில் கரியமில வாயுவும் குறைந்தது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி மூடியது. விலகிப்போன ஆஸ்திரேலியா வடக்கே நகர்ந்து காய்ந்தது, அதன் மழைக்காடுகள் கிழக்கோரத்துக்கு ஒதுங்க, யூகலிப்டஸ் நாட்டைப் பிடித்துக்கொண்டது.

இந்தியா இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், மூன்று விரல் அகலம், வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அன்று முதல் இன்று வரை மூன்றரை மீட்டர் நகர்ந்திருப்போம். தென்னைக்கு அது தெரியாது.

“நான் பிறந்ததுல இருந்து?” என்றாள். பதினான்கு வயது. பெருக்கி, 70 சென்டிமீட்டர் என்று அவளே சொன்னாள். உள்ளே போய் ஸ்கேல் எடுத்துவந்தாள். மழையில் நனையாத ஓரமாகத் திண்ணையில் சாக்பீஸால் ஒரு கோடு, வடகிழக்கே 70 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். முதல் கோட்டில் ஒரு காலும் அடுத்த கோட்டில் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்றுபார்த்தாள்.